தண்ணீரில் மிதந்த பிரேக் ஆயில்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுவேன், போனது எங்கே என்றும் மறந்துவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயே திறக்காதவள் நான். “எழுதுனா யாரும் உன் மூஞ்ச பாக்க மாட்டாங்க, பயப்படாம எழுதுக்கா” என்று வேன் ஓட்டுநர் சங்கத்துச் செயலாளர் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன்.

சங்கத்தில் இப்போது நிறையப் பேர் புது மினி வேன் எடுத்திருக்கிறார்கள். அதற்கு எந்த ஆயில், எந்தக் கூலண்ட், எந்த பிரேக் ஆயில் என்று கடைக்கு ஒரு பேச்சாக இருக்கிறதாம். திருவொற்றியூரில் ஒருவர் ஒன்று சொல்கிறார், வண்ணாரப்பேட்டையில் வேறு சொல்கிறார்கள். நான் இருபத்தாறு வருடம் ஒரு வேன் கம்பெனியின் பட்டறையில் இருந்தேன், அதில் இருபது வருடத்துக்கு மேல் ஆயில் ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. அதனால் என்னைக் கேட்டார்கள்.

முதலில் பட்டறை பெருக்கத்தான் சேர்ந்தேன். எண்ணூர் போகிற சாலையில், கடல் பக்கம் பார்த்த தகரக் கொட்டகை. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேன்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஸ்டோரில் இருந்தவர் நின்றுவிட, டப்பா எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் என்னை விட்டார்கள். நாலைந்து மாதம் கையெல்லாம் கறுப்பு, வீட்டில் சோறு பிசைந்தால் டீசல் வாடை. அப்புறம் பழகிவிட்டது.

எனக்குப் பழகாதது டப்பாவின் மேல் இருந்த இங்கிலீஷ்தான். இதைப் போர்மேன் தேவசகாயம் சாரிடம் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, எப்போதும் முழுக்கை சட்டை. சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. தப்பு செய்தவர்களிடம் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதற்குத்தான் எல்லோருக்கும் பயம்.

“எழுத்து வேண்டாம்மா,” என்றார். “எண்ணு தெரியும்லா?”

“தெரியும் சார்.”

“அது போதும்.”

ஒவ்வொரு வண்டியிலும் ஆயில் ஊற்றுகிற மூடியில் எண் போட்டிருக்கும். வண்டிக்குள் பிரேக் ஆயில் நிற்கிற டப்பியின் மூடியிலும் இருக்கும். மூடியில் இல்லாதது வண்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கும். மெக்கானிக் அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் அதே எண் உள்ள டப்பாவை எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். போர்மேன் நிமிர்ந்து பார்க்காமலே மூன்று கேள்வி கேட்பார். எந்த வண்டி? எங்கே ஊற்றப் போறீங்க? டப்பாவ யாரு தொறந்தா? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் கையெழுத்து. அளக்கிற குவளையும் ஆயிலுக்கு ஒன்று, மாற்றக் கூடாது. இருபது வருடமும் இதே கேள்விதான். டிரைவர் ஏழுமலை போர்மேனைக் கேலி செய்வான்: “வூட்ல ரசம் ஊத்துனாக்கூட, டப்பாவ யாரு தொறந்தான்னு கேட்டுட்டுத்தான் நைனா சாப்பிடுவாரு.”

ஏழுமலை நல்ல டிரைவர். ஆனால் பழைய வண்டியில் பழகியவன். கம்பெனி முதல் புது மினி வேனை எடுத்தபோது அதன் சாவி அவனிடம்தான் வந்தது. அந்த வண்டிக்கு எஞ்சின் ஆயில் மெலிசு. குவளையில் ஊற்றியதைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தான்.

“இன்னாக்கா இது, தண்ணி மாதிரி கீது? இத்த ஊத்துனா எஞ்சின் புட்டுக்கும். கெட்டியா குடு.”

“மூடில இந்த நம்பர்தான் கீது ஏழுமலை.”

“நம்பரா ஓட்டப் போவுது? நான்தான் ஓட்டப் போறேன்.”

போர்மேன் பக்கத்தில் வந்து நின்றார். “எஞ்சின நீயா செஞ்ச, ஏழுமலை?” என்று மட்டும் கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். கெட்டியாக இருந்தால் பலம் என்ற எண்ணம் இன்னும் நம் ஆட்களுக்கு இருக்கிறது. புது எஞ்சினில் ஆயில் போகிற வழி சின்னது. கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரமாகும், அதற்குள் தேயும். இது அவர் சொன்னது.

கூலண்ட்டுக்கும் அப்படித்தான். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. குறைந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து, திறந்தால் செங்கல் கரைத்த மாதிரி வரும். புது வண்டிக்கு அதற்குரிய கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று கடையில் கொடுப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள். அது சும்மா சாயம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சாயம் போடும். புத்தகத்தில் சொன்ன வகையா என்று பாருங்கள்.

நான் சொல்ல வந்தது பிரேக் ஆயில் பற்றி. அதற்கு வருகிறேன்.

அந்த மினி வேன் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆயுத பூஜை வந்தது. போர்மேன் வழக்கம்போல லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார். பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவிக்கொண்டிருந்தோம். முதலாளி ஸ்டோரை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பாதி பாதியா இத்தினி டப்பா? பூஜை அன்னிக்கு எதையும் குறையா வெக்கக் கூடாது. ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணாக்கி நெறச்சு வை.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் அரிசிப் பானையை அன்றைக்கு நிறைத்துத்தானே வைப்போம்? டப்பாக்களை இறக்கி, எண் பார்த்து, பாதியைப் பாதியோடு சேர்த்தேன். பிரேக் ஆயில் டப்பா இரண்டு இருந்தது. இரண்டும் ஒரே படம், ஒரே எண், இரண்டும் திறந்தவை. உள்ளே இரண்டும் வெளுத்த தேன் நிறம்.

அப்போது ஒரு நிமிடம் யோசித்தேன். ஒன்றை நான் திறந்தது தெரியும். இன்னொன்றை யார் திறந்தார்கள் என்று தெரியாது. மெக்கானிக் பத்தடி தள்ளி நின்று டியூப் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். அவரைச் சுற்றி ஏழெட்டு ஆம்பிளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. ஒன்றை எடுத்து மற்றதில் ஊற்றிவிட்டேன். நிறைந்தது. மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்து வண்டிகளை வெளியே எடுக்கிற நாள். பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் வாசலில் இருந்தது. அன்றைக்கு எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம், எந்த வண்டியும் எதிலும் குறையோடு வெளியே போகக் கூடாது. ஆயில், தண்ணீர், காற்று எல்லாம் நிறைத்துத்தான் அனுப்புவார்கள். ஏழுமலை பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

“யக்கா, பிரேக் ஆயிலு ஒரு விரக்கடை கம்மி. நெறச்சு வுடு.”

“ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதானே கீது? போதுமே.”

“நல்ல நாளும் அதுவுமா குறையா போவச் சொல்றியா? ஊத்துக்கா, ஷிப்டுக்கு டைமாவுது.”

சீட்டு இல்லை. கேள்வி கேட்க போர்மேனும் இல்லை. மூடியில் இருந்த எண்ணையும் டப்பாவில் இருந்த எண்ணையும் பார்த்தேன், இரண்டும் ஒன்று. ஊற்றினேன். கொஞ்சம்தான், கோடு வரைக்கும். விரலில் வழிந்ததைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தேன். அவன் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டு மணி ஷிப்டுக்கு எண்ணூர் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடிக்குப் போனேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாம் ஆயில் என்று கூப்பிட்டாலும் பிரேக் ஆயில் எண்ணெய் கிடையாது. கையில் பட்டால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும், சோப்பு வேண்டாம். வருடக்கணக்காக அப்படித்தான் கழுவியிருக்கிறேன். அன்றைக்குக் கையை நீட்டினேன். தண்ணீர் விரலில் முத்து முத்தாக உருண்டது. தேய்த்தேன். வழவழப்பு போகவில்லை.

காலையிலிருந்து வேறு எந்த ஆயிலையும் நான் தொடவில்லை.

ஸ்டோருக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த டப்பாவிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். பிரேக் ஆயில் என்றால் இறங்கிக் கரைந்துவிடும். இது மேலேயே வட்டமாக நின்றது. குழம்பில் எண்ணெய் மிதக்கிற மாதிரி. மெக்கானிக்கிடம் ஓடிக் கேட்டேன். “அதுவா? வண்டி தூக்குற ஜாக்கிக்கு ஊத்துன ஆயில் மிச்சம் இருந்துச்சு. காலி டப்பா கெடந்துச்சு, அதுல ஊத்தி வெச்சேன். ஏங்க்கா?” என்றார்.

ஜாக்கி ஆயில் சுத்த எண்ணெய். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். அப்புறம் மிதித்தால் மிதித்தபடி நிற்கும், இல்லாவிட்டால் பிடிக்காமலே போகும். இது எனக்குத் தெரியும். ஊற்றினது நான் என்று வேறு யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அப்போதுதான் போர்மேன் ரயிலிலிருந்து இறங்கி, துணிப்பையோடு நேராகப் பட்டறைக்குள் வந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

“சார், பிரேக் ஆயிலுக்குப் பதிலா ஜாக்கி ஆயில் ஊத்திட்டேன்.”

“எப்படித் தெரியும்?”

டம்ளரைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எந்த வண்டி?”

“புது வண்டி.”

“எங்க ஊத்துனீங்க?”

“பிரேக் டப்பில. கோடு வரைக்கும்.”

“டப்பாவ யாரு தொறந்தா?”

“கேக்கல சார்.”

அவர் உடனே ஏழுமலைக்குப் போன் போட்டார். ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். மறுபடி போட்டார். பையை அங்கேயே வைத்துவிட்டு, சீல் உடைக்காத பிரேக் ஆயில் டப்பா ஒன்று, கூலண்ட் உறிஞ்சுகிற சிரிஞ்ச் ஒன்று எடுத்துக்கொண்டு, “ஏறுங்கம்மா” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். அதுவரை நான் என் புருஷன் வண்டியைத் தவிர யார் வண்டியிலும் ஏறினதில்லை.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அன்றைக்கும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. தினமும் அதைத் திட்டிக்கொண்டேதான் போவோம். அன்றைக்கு நான் ஒவ்வொரு லாரிக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன். இரண்டு மைல் தாண்டி, ஒரு டிரெய்லருக்குப் பின்னால் மாலை போட்ட எங்கள் மினி வேன் நின்றிருந்தது. உள்ளே பதினாலு பெண்கள். பாதிப் பேர் எங்கள் தெரு.

ஏழுமலை ஜன்னலில் தலையை நீட்டினான். “இன்னா சார், ஊர்லருந்து வந்ததும் வராததுமா? இன்னா மேட்டரு?”

போர்மேன் என்னைக் காட்டினார். “அம்மா சொல்லுவாங்க.”

பதினாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். அவரே சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் கோபம் வந்தது. அவர் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏழுமலை, வண்டிய எடுக்காத. பிரேக்ல எண்ணெய ஊத்திட்டேன். நான்தான் ஊத்துனேன்.”

அவன் சிரித்தான். “பிரேக்கு கல்லு மாதிரி புடிக்குதுக்கா! இம்மாந் தூரம் வந்துகினு கீறேன், இன்னா ஆச்சு? சும்மா பேஜார் பண்ணாத.”

பின்சீட்டிலிருந்து எங்கள் தெருப் பத்மா சத்தம் போட்டாள். “யக்கா, ரெண்டு மணிக்கு மேல ஆனா கேட்ல உள்ள வுட மாட்டான். புடிக்குதுன்றாரு இல்ல? வழிய வுடு.”

“இப்போ புடிக்கும் பத்மா. ரப்பர் ஊறுனா புடிக்காது. எப்போ ஊறும்னு எனக்குத் தெரியாது. போற வழிலயா, வர்ற வழிலயா, நாளைக்கா, தெரியாது.”

“தெரியாததுக்கா எங்கள எறங்கச் சொல்ற?”

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணிடம் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கினேன். பானட்டைத் திறக்கச் சொன்னேன். ஏழுமலை முணுமுணுத்துக்கொண்டே இறங்கித் திறந்தான். போர்மேன் கொடுத்த சிரிஞ்சைப் பிரேக் டப்பிக்குள் விட்டு மேலாக உறிஞ்சி, பாட்டில் தண்ணீரில் சொட்டுவிட்டேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் ஓரமாகப் பிடித்தேன். எண்ணெய் மேலே மிதந்தது. குலுக்கினேன். உடைந்து, மறுபடி கூடி மேலே வந்தது. அப்புறம் இன்னொரு பாட்டில் வாங்கி, புது டப்பாவின் சீலை அவர்கள் கண் முன்னாலேயே உடைத்து, அதிலிருந்து சொட்டுவிட்டேன். அது நூல் மாதிரி கீழே இறங்கிக் காணாமல் போனது.

ஏழுமலை இரண்டு பாட்டிலையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வண்டியின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இருக்கிறதிலேயே வயதான சரசுதான் முதலில் இறங்கினாள். “எறங்குங்கடி. எண்ணெ மெதக்கறது கண்ணுல தெர்ல? கேட்டு நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்.” ஒவ்வொருவராக இறங்கி, லாரிகளுக்கு இடையில் சாப்பாட்டுப் பையோடு நடக்க ஆரம்பித்தார்கள். பத்மா கடைசியாக இறங்கினாள். “உன்னாலதான் போச்சு” என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது பேரைக் கேட்டில் உள்ளே விட்டார்கள். அவளையும் சேர்த்து ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

வண்டியைத் தூக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மறுநாள் பிரித்தார்கள். பிரேக் டப்பி மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் அதற்குள்ளேயே அப்பளம் மாதிரி நெளிந்து, அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த வாஷர்களில் ஒன்று, புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பருத்திருந்தது. கொஞ்சம்தான். மற்றவை நன்றாகவே இருந்தன. ஆனாலும் ரப்பர் இருக்கிற இடம் எல்லாவற்றையும் மாற்றி, குழாயெல்லாம் கழுவித்தான் வண்டியை விட்டார்கள். அன்றைக்கு வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போர்மேனிடம் கேட்டேன். “தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம்” என்றார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் தெரிந்ததைத்தான் சொல்வார்.

முதலாளி ஸ்டோர் சாவியை என்னிடமிருந்து வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். என்னைத் திரும்பப் பெருக்கப் போட்டார். மூன்று மாதம் கழித்து மெக்கானிக்கே சாவியைக் கொண்டுவந்து என் மேல் தூக்கிப் போட்டார். “இந்த மூணு கேள்விக்குத் தினம் பதில் சொல்லி முடியல, நீயே வெச்சிக்க தாயே!” முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டோரில் பிரேக் ஆயில் சின்ன டப்பாதான் வாங்குவோம். மிச்சம் இருந்தால் கொட்டிவிடுவோம், சேர்க்க மாட்டோம். திறந்து வைத்தால் அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், நம் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் எறிவேன். வேலையை விட்ட நாள் வரைக்கும் அப்படிச் செய்தேன்.

புது வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு மறந்துபோவதற்குள் இன்னும் மூன்று சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற பல மினி வேனில் ஸ்டியரிங் கரண்டில் திரும்புகிறது, அதற்கு ஆயிலே கிடையாது. கடைக்காரர் கொடுத்தால் வாங்கி வந்து ஊற்ற இடம் தேடாதீர்கள். சில டீசல் வண்டிக்கு யூரியாத் தண்ணீர் என்று ஒன்று தனியாக ஊற்ற வேண்டும். அதற்குத் தனி மூடி, நீல நிறம். அதை டீசல் டேங்கில் ஊற்றினால் பெரிய செலவு. பிரேக் ஆயில் கீழ்க் கோட்டையும் தாண்டி இறங்கினால் நிறைக்காதீர்கள், ஏன் இறங்கியது என்று பட்டறையில் காட்டுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒழுகும்.

செயலாளர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவோம் என்று எனக்கு ஞாபகம். புது வண்டிக்கும் அதுதானா என்று தெரியாது. பிரேக் ஆயில் எண் மூன்றா நான்கா என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால்தான் நான் எழுதவில்லை. கூலண்ட் எத்தனை வருடம் தாங்கும் என்பதும் நிச்சயமாகத் தெரியவில்லை. யூரியாத் தண்ணீர் பற்றி எழுதினது நான் கேள்விப்பட்டதுதான், கையால் ஊற்றினதில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர், நம் ஆட்கள் வைத்திருக்கிற ஒவ்வொரு வகை வண்டியின் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, நான் எழுதினதை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். தப்பு இருந்தால் என்னிடம் கேட்க வேண்டாம், அந்த வரியை அடித்துவிடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. சரிபார்த்தவர் பேரை அடியில் போடுங்கள். அது வரைக்கும் இதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.